ஒரு பெயர், பல கட்டடங்கள்: செஞ்சிக் கல்யாண மகாலை முன்வைத்து ஒரு பெயராய்வு

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பேருந்து நிலையத்தை விட்டு எத்தெருவில் நுழைந்தாலும் ‘மகால்’ என்னும் பெயர் தாங்கிய கட்டடம் ஒன்றேனும் நம் கண்ணிற்படும். வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். உள்ளே திருமணமோ, காதணி விழாவோ, வலிமா விருந்தோ நடைபெற்றுக்கொண்டிருக்கும். எனவே இப்பகுதியில் பிறந்து வளர்ந்த மாணவர்க்கு ‘மகால்’ என்றால் திருமண மண்டபம் என்பதே முதற்பொருள். அரண்மனை என்பது புத்தகப் பொருள்.

எம் துறை முதுகலை மாணவர்களுடன் நாம் செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருந்தபோது இவ்வுண்மை தெளிவாயிற்று. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஒரு மணி நேரத்திற்குள் செஞ்சி வந்துவிடும். இராசகிரியின் அடிவாரத்தில், உட்கோட்டையினுள், அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் மாடத்தைக் காட்டி, “இதுவே கல்யாண மகால்” என்றோம். மாணவர் ஒருவர், “ஐயா, இவ்வளவு குறுகிய அறையில் எத்தனை பேர் அமர்ந்து திருமணம் பார்த்திருப்பர்?” என்று வினவினார். உடன் வந்தோர் நகைத்தனர். எமக்கு நகைக்கத் தோன்றவில்லை. நல்ல வினா அது. அன்று எம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்கிறோம். அவ்வினாவின் பின்சென்றதே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாய் வருவதை நம் முன்னோர் நன்கறிவர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் மூன்றும் ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்று ஒரு தனிப்பகுதியையே வகுத்துள்ளன. சூடாமணி நிகண்டைச் செய்த சமணப் புலவர் மண்டலபுருடர் திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரினர் என்று கூறுவர். அஃதாயின், நம் ஆய்வுக்கு வேண்டிய கருவி நம் பக்கத்து ஊரிலேயே செய்யப்பட்டதென மகிழலாம்.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும், பொது என்றும் சிறப்பு என்றும் பகுத்தார். உரையாசிரியர்கள் இவற்றிடையே ‘காரண இடுகுறி’ என ஒன்றையும் கண்டனர். முள்ளுடைய செடிக்கு முள்ளி என்று பெயர். ஆனால் முள்ளுடையன எல்லாம் முள்ளி ஆவதில்லை. காரணமும் உண்டு, அக்காரணம் போதாமையும் உண்டு. உலகின் புகழ்பெற்ற கட்டடங்களின் பெயர்கள் பெரும்பாலும் இவ்வகையினவே என்பது எமது கருத்து. சிவந்த கல்லால் ஆன கோட்டைகள் பல; செங்கோட்டை எனப் பெயர் பெற்றவை சிலவே.

பெயர் ஒன்றாய்க் கட்டடம் பலவாய் இருக்கும் இடத்தில், அப்பெயரை இட்டவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கட்டியவர் இட்ட பெயர் வேறு. பயன்படுத்தியவர் இட்ட பெயர் வேறு. தொலைவில் நின்று பார்த்தவர் இட்ட பெயர் வேறு. இம்மூன்றும் ஒரே தன்மையுடைய சான்றுகள் ஆகா.

கட்டியவர் இட்ட பெயர்

விழுப்புரம் – செஞ்சிச் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில், முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்னும் கருத்துடைய வடமொழிக் கல்வெட்டு அங்குள்ளது. அக்கோயிலுக்கு அவன் இட்ட பெயர் இலக்சிதாயதனம் என்பது. இலக்சிதன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அருகிலுள்ள தளவானூர்க் குகைக்கோயில் சத்துருமல்லேசுவராலயம் எனப் பெயர் பெற்றது. சத்துருமல்லன் என்பதும் அவன் விருதே. கோயில்தோறும் வெவ்வேறு விருதைச் சூட்டும் அளவிற்கு அம்மன்னனிடம் விருதுகள் மிகுந்திருந்தன. ஆதலால் அவன் கட்டடங்கள் ஒன்றோடொன்று பெயர் மயங்குவதில்லை.

அவன் வழித்தோன்றலாகிய இராசசிம்மனிடம் விருதுக்குக் குறைவில்லை. எனினும் ஒரு பெயர்மேல் அவனுக்குத் தனிப்பற்று இருந்தது. காஞ்சியில் அவன் எடுத்த கற்றளி இராசசிம்ம பல்லவேசுவரம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிவன் சன்னிதிகள் இரண்டனுள் ஒன்றும் இராசசிம்ம பல்லவேசுவரம். விழுப்புரத்தை அடுத்த பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலை எடுத்தவனும் இவனே. காலப்போக்கில் காஞ்சிக் கோயில் இராசசிம்மன் பெயரை இழந்து கயிலாசநாதர் கோயிலாயிற்று. அதனால் அது புதியதொரு பெயர்க் குடும்பத்தில் சேர்ந்தது. எல்லோராவில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் 8ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து எடுப்பித்ததும் கயிலாசநாதர் கோயிலே. கலைவரலாற்று மாணவர் இவ்விரண்டையும் ஒப்பிடுவது வழக்கம். ஆயின் பெயர் ஒற்றுமை கட்டியவரால் நேர்ந்ததன்று. பின்னாளைய வழக்கால் நேர்ந்தது.

இராசராசேசுவரம் என்னும் பெயரின் கதை இன்னும் சுவையானது. தஞ்சையில் 1010ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற பெரிய கோயில் இராசராசேசுவரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் எடுத்ததும் இராசராசேசுவரமே. இலங்கையின் மாதோட்டத்தில் தாழி குமரன் என்னும் சோழ நாட்டு அலுவலன் எடுத்த சிவன் கோயிலும் இராசராச ஈசுவரம் என்றே கல்வெட்டில் குறிக்கப்பெறுகிறது. இன்று முதலாவது பிருகதீசுவரர் கோயில். இரண்டாவது ஐராவதேசுவரர் கோயில். மூன்றாவதற்குக் கல்வெட்டு மட்டுமே எஞ்சியது. ஒரே பெயருடைய மூன்று கட்டடங்கள் அப்பெயரை இழந்த பின்னர் உறவறியாத அயலார்போல் நிற்கின்றன. பெயர் ஒன்றாயிருப்பதால் வரும் மயக்கத்தைக் காட்டிலும், ஒன்றாயிருந்த பெயர் மறைவதால் வரும் மயக்கம் பெரிது.

பார்த்தவர் இட்ட பெயர்

நிறத்தால் அமைந்த பெயர்கள் பெரும்பாலும் வெளியே நின்று பார்த்தவர் இட்டவை. எசுப்பானிய நாட்டுக் கிரனாடாவின் அல்ஹம்ரா 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நசிரிய மன்னர்களால் வளர்க்கப்பெற்ற அரண்மனைக் கோட்டை. அரபு மொழியில் அச்சொல்லுக்குச் ‘செந்நிறத்தது’ என்று பொருள். தில்லியின் செங்கோட்டையும் ஆக்ராவின் செங்கோட்டையும் இந்தப் பொருளினவே. மொழிதான் வேறு. இசுதான்புல்லின் நீலப் பள்ளிவாசலை எழுப்பிய சுல்தான் அகமது அதற்கு அவ்வாறு பெயரிடவில்லை. துருக்கியர்க்கு இன்றும் அது சுல்தான் அகமது பள்ளிவாசலே. ஈரானின் தபுரீசில் 1465இல் எழுந்த நீலப் பள்ளிவாசலும், ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த நீலப் பள்ளிவாசலும் வண்ண ஓடுகளால் அப்பெயரை எய்தின. வாசிங்டனில் ஒரு வெள்ளை மாளிகை. மாசுகோவில் அரசு அலுவலகமாகிய மற்றொரு வெள்ளை மாளிகை. செய்தித்தாளில் 1993ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வெள்ளை மாளிகை மீது பீரங்கித் தாக்குதல்’ என்று படித்துத் திடுக்கிட்டோர் நம்மிடையே இருந்திருக்கக்கூடும். தாக்கப்பட்டது மாசுகோவினது.

இவற்றுள் தில்லிச் செங்கோட்டை பற்றி ஒரு செய்தியை மட்டும் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அது பயன்படும். 1639 முதல் 1648 வரை அதனைக் கட்டிய ஷாஜஹான் காலத்தில் அதன் பெயர் செங்கோட்டை அன்று; கிலா-இ-முபாரக். ‘மங்கலக் கோட்டை’ என்பது அதன் பொருள்.

பயன்படுத்தியவர் இட்ட பெயர்

தொழிலால் அமைந்த பெயர்களுக்கு ஜாமிஆ மசூதி என்பதைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. ‘ஒன்று கூடுதல்’ என்னும் பொருளுடைய அரபு வேரினின்று பிறந்த சொல் இது. வெள்ளிக்கிழமை ஊர் முழுவதும் ஒன்றுகூடித் தொழும் இடம் என்பது கருத்து. ஊர்தோறும் இஃது இருக்க வேண்டுவதாகலின் பெயரும் ஊர்தோறும் இருப்பது இயல்பே. ஈரானின் இசுபகானில் பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்த ஜாமிஆ, குல்பர்காவில் 1367ஆம் ஆண்டினது, அகமதாபாத்தில் 1424ஆம் ஆண்டினது, தில்லியில் 1656இல் முற்றுப்பெற்றது எனப் பெரும் பட்டியல் விரியும். கோலாலம்பூரில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் திறக்கப்பெற்ற மஸ்ஜித் ஜாமெக்கும் இப்பெயரினதே. அது ஆறுகளும் மக்களும் கூடும் இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய பள்ளிவாசல் ‘ஜாமிஆ சூலியா’ என வழங்குகிறது. ஜாமிஆ என்பது பொது. சூலியா என்பது சிறப்பு. நன்னூலார் வகுத்த முறை தெலுக் ஆயரை அடுத்த தெருவிலும் செல்லுபடியாகிறது!

ஆனால் தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் வழங்குவது பள்ளிவாசல் என்னும் தமிழ்ச்சொல்லையே. ‘பள்ளி’ என்பது ஒருசொற் பல்பொருட்கு நல்ல எடுத்துக்காட்டு. படுக்கை, உறக்கம், முனிவர் உறைவிடம், கல்விக்கூடம், சிற்றூர் எனப் பல பொருள் அதற்குண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்குண்டு. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இயங்கி வருகிறது. பள்ளி என்னும் சொல் சமணரோடு நெடுங்காலம் வாழ்ந்த நிலம் இது. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. பின்னர் சோனகர் வந்தபோது அவர்தம் தொழுமிடத்தையும் தமிழர் பள்ளி என்றே அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருப்புல்லாணிக் கல்வெட்டு, சோனகரின் ‘பிழார்ப் பள்ளி’க்கு விடப்பட்ட கொடையைக் கூறுகிறது. புதியதோர் அயற்சொல்லை இறக்குமதி செய்யாமல், கையில் இருந்த மதிப்புமிக்க சொல்லையே எடுத்துக் கொடுத்தனர். சொல்லைக் கொடுப்பதும் ஒரு கொடைதானே.

கடல் கடந்த பெயர்

ஓரிடத்தின் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்கிறோம். கட்டட உலகில் இதற்கு நாகூர் தர்காவை எடுத்துக்காட்டலாம். நாகூரில் 1570இல் மறைந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் அடக்கத்தலம் மூல தர்கா. அதன் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) என்பது எல்லாச் சமயத்தாரும் அறிந்து மகிழும் செய்தி.

பாய்மரக் கப்பலேறி மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வணிகத்திற்குச் சென்ற சூலியா முஸ்லிம்கள், கடற்பயணத்தில் தமக்குத் துணைநின்றதாகத் தாம் நம்பிய ஆண்டகையின் நினைவாகப் பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாகூர் தர்காவையும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 முதல் 1830 வரை மற்றொரு நாகூர் தர்காவையும் எழுப்பினர். சிங்கப்பூரினது 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. தெலுக் ஆயர் அக்காலத்தில் கடற்கரை. கரையிறங்கியவர் கண்ணில் முதலில் படும் இடம். பின்னர் கடல் தூர்க்கப்பட்டு, கரை தள்ளிப்போயிற்று.

இவ்விரண்டு கட்டடங்களிலும் அடக்கம் இல்லை. நாகூரும் அங்கில்லை. எனினும் பெயர் நாகூர் தர்கா. பொருளை நோக்கினால் பொருந்தாத பெயர். நெஞ்சை நோக்கினால் இதனினும் பொருந்தும் பெயர் வேறில்லை. திரும்பி வருவோமோ என்று அறியாது கப்பலேறியவன், தன் ஊர்க் கடற்கரையின் பெயரை அக்கரையிலும் நட்டுவைத்தான். தாராசுரத்தில் இராசராசேசுவரம் எடுத்தது அரச பெருமிதம். தெலுக் ஆயரில் நாகூர் தர்கா எடுத்தது ஏக்கம். இரண்டிலும் பெயர் மீண்டும் வருகிறது. வந்த காரணம் வேறு.

மீண்டும் கல்யாண மகாலுக்கு

இனி அம்மாணவரின் வினாவிற்கு வருவோம்.

செஞ்சிக் கல்யாண மகால், நாற்புறமும் வளைவுகளோடு கூடிய அறைவரிசை சூழ்ந்த சதுர முற்றமும், அதனை ஒட்டி ஏறத்தாழ 80 அடி உயர்ந்து நிற்கும் மாடமும் உடையது. மாடத்தின் நிலைதோறும் ஒரு சிற்றறையும் அதனைச் சுற்றி வளைவுகளால் அமைந்த தாழ்வாரமும் உள்ளன. குறுகிய படிகள் மேலேறுகின்றன. உச்சியில் கோபுரம்போற் கூம்பிய கூரை. மேல்நிலைகளுக்கு நீர் கொண்டுசெல்லச் சுடுமண் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. வளைவுகள் இசுலாமியக் கட்டடக் கலையின் சாயலுடையன. கூரையோ கோயில் விமானத்தை நினைவூட்டுவது. நாயக்கர் காலத்துப் படைப்பு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. காற்றும் நீரும் மறைவும் கருதிக் கட்டப்பட்டதென்பது பார்த்த அளவில் புலனாகும். கூட்டம் கருதிக் கட்டப்பட்டதன்று. முற்றத்தைச் சூழ்ந்த அறைகள் கோட்டைத் தலைவரின் அரண்மனைப் பெண்டிர்க்கு உரியன என்றே நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர்.

அப்படியாயின் ‘கல்யாண’ என்னும் அடைமொழி எதனால் வந்தது?

இவ்விடத்தில்தான் ஒரே பெயருடைய பிற கட்டடங்கள் நமக்குத் துணைபுரிகின்றன. திருவையாற்றில் காவிரிக் கரையில் ஒரு கல்யாண மகால் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தைச் சேர்ந்தது. அரண்மனையைச் சார்ந்த பெண்டிர் வாழ்வதற்கென அமைந்தது. அவர் மகன் இரண்டாம் சிவாசி காலத்தில் தஞ்சையில் இதே நோக்கத்திற்கென அமைந்த மாளிகைக்கு மங்கள விலாசம் என்று பெயர். இம்மூன்று பெயரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. ‘கல்யாணம்’ என்னும் வடசொல்லின் முதற்பொருள் திருமணம் அன்று. மங்கலம், நன்மை என்பன. தமிழில் அப்பொருள் சுருங்கி, மங்கல நிகழ்ச்சிகளுள் தலையாயதாகிய மணவினையை மட்டும் குறிப்பதாயிற்று. ‘மகால்’ என்பதோ அரபு மொழியில் ‘தங்குமிடம்’ என்னும் பொருளில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாக அரண்மனைப் பொருளோடு தமிழுக்கு வந்தது. ஆகவே கல்யாண மகால் என்பதற்கு ‘மங்கல மனை’ என்று பொருள் கொள்வதே தக்கது. தில்லிக் கோட்டையைக் கிலா-இ-முபாரக் என்றழைத்த மனமும் இதனைக் கல்யாண மகால் என்றழைத்த மனமும் ஒன்றே. பஞ்சாபின் பட்டியாலாவிலும் பட்டிண்டாவிலும் கிலா முபாரக் என்னும் பெயருடைய கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. அங்கு யாரும் ‘முபாரக்’ என்பதை வைத்து ஒரு குறிப்பிட்ட விழாவைத் தேடுவதில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. நேரே சொல்லத் தயங்குவதை மங்கலச் சொல்லால் மறைத்துக் கூறுதல் தமிழ் மரபு. நன்னூல் இதனைத் தகுதி வழக்கினுள் மங்கலம் என்றே வகைப்படுத்துகிறது. அந்தப்புரத்தை அந்தப்புரம் என்று கூறக் கூசிய வாய், அதனை மங்கலப் பெயரால் சுட்டியிருக்கலாம் என்பது எமது ஊகம். ஊகம் என்பதற்கு மேல் இதற்கு மதிப்புத் தர வேண்டா. ஆயினும் ‘திருமண மண்டபம்’ என்னும் ஊகத்தைக் காட்டிலும் இது கட்டட அமைப்போடு ஒத்துப்போகிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். கோயில்களில் கல்யாண மண்டபம் என்பது உண்மையிலேயே இறைவனின் திருமணம் நிகழும் இடமன்றோ? வேலூர்க் கோட்டைச் சலகண்டேசுவரர் கோயிலிலும் காஞ்சி வரதராசர் கோயிலிலும் உள்ள புகழ்மிக்க கல்யாண மண்டபங்கள் அவ்விழாவிற்கென்றே அமைந்தவை அல்லவோ? உண்மைதான். ஆயின் அவை மண்டபங்கள். அகன்று, நாற்புறமும் திறந்து, நடுவே மேடை கொண்டு, காண வருவோர்க்கு இடம் தருவன. செஞ்சி மாடமோ மேல்நோக்கிச் சென்று, படிதோறும் குறுகி, காண வருவோரை விலக்குவது. சொல்லின் முற்பாதி ஒன்றாயிருத்தலால் கட்டடத்தின் பணியும் ஒன்றாகிவிடாது.

அம்பி சென்றவர்கள் இதே இடர்ப்பாட்டை அங்கும் கண்டிருப்பர். தாமரை மகால், அரசியின் நீராட்டு மண்டபம் என்றெல்லாம் அங்கு வழங்கும் பெயர்கள் விசயநகரம் அழிந்து நெடுங்காலம் சென்றபின் வந்து பார்த்தோர் இட்டவை. வழிகாட்டுவோர் அவற்றைச் சொல்லிச் சொல்லி, பெயர்ப்பலகையில் ஏறி, பாடநூலிலும் புகுந்துவிட்டன. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் பழக்கம் எம் மாணவரிடமும் உண்டு. எம்மிடமும் ஒரு காலத்தில் இருந்தது.

ஒரு கோட்டை, பல பெயர்

ஒரு பெயரில் பல கட்டடம் இருப்பதைப் பார்த்தோம். செஞ்சியோ ஒரு கட்டடம் பல பெயர் சுமந்ததற்கும் சான்றாகிறது. 1649இல் பீசப்பூர்ப் படை இதனைக் கைப்பற்றியபின் பாதுசாபாத் ஆயிற்று. 1677இல் சிவாசியின் கைக்கு வந்தபின் மராட்டியர் சந்தி என்றனர். 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டு வென்ற முகலாயர், தம் தளபதி சுல்பிகர்கானின் நுசரத் சங் என்னும் விருதால் நுசரத்கட் என்று மாற்றினர். மகேந்திரவர்மன் குகைக்கு விருதுப்பெயர் இட்ட அதே மனப்பாங்கு, ஆயிரம் ஆண்டு கழித்து, சில கல் தொலைவில்! 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் தத்தம் நாவிற்கேற்பச் சிதைத்து வழங்கினர். அரசுகள் இட்ட பெயர் அனைத்தும் ஏட்டோடு நின்றுபோக, உழவரும் வணிகரும் வழங்கிய செஞ்சியே நிலைத்தது. ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லாகானின் பெயர் இங்கு 1717–18ஆம் ஆண்டுப் பாரசீகக் கல்வெட்டுடைய பள்ளிவாசலில் நிலைத்தது; அவரோடு 1714இல் போரிட்டு மடிந்த தேசிங்கின் பெயரும், தேசிங்கிற்காக உயிர்விட்ட நண்பன் மாவத்துக்கானின் பெயரும் நாட்டார் கதைப்பாடலில் நிலைத்தன. இவற்றுள் எது உறுதியான கட்டடம் என்று கேட்டால் எம்மால் எளிதில் விடைகூற இயலாது.

செஞ்சியின் மலைகளுள் கிருட்டிணகிரி என்பதும் ஒன்று. பாராமகாலில், இன்றைய கிருட்டிணகிரி நகரில், அதே பெயருடைய மற்றொரு மலைக்கோட்டை உண்டு. 1791இல் ஆங்கிலத் தளபதி மாக்சுவெல் தாக்கிப் பிடிக்க இயலாது திரும்பியது அந்தக் கோட்டை, செஞ்சியினது அன்று. ஆங்கில ஏடுகளைப் பார்த்து எழுதும் மாணவர் இதில் கருத்தாயிருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு சூலையில் பாரிசில் கூடிய உலக மரபுக் குழு, ‘இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள்’ என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை; பன்னிரண்டாவது செஞ்சி. அப்பட்டியலில் ராஜ்கட் என்னும் கோட்டையும் உண்டு. ‘அரசனின் கோட்டை’ என்பது பொருள். செஞ்சியின் தலைமலை ‘அரசனின் மலை’யாகிய இராசகிரி. 1689இல் மகாராட்டிரத்திலிருந்து தப்பி வந்த சிவாசியின் மகன் இராசாராம் அடைக்கலம் புகுந்தது இம்மலைக்கோட்டையில்தான். இரு கோட்டைகளும் பெயரில் உறவாகி, வரலாற்றில் உறவாகி, இன்று ஒரே பட்டியலிலும் அமர்ந்துள்ளன. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் இனி வரும் வெளிநாட்டார் செஞ்சியை மராட்டியக் கோட்டை என்னும் ஒரே பெயரால் அறிவர். ஆனந்தக் கோன் முதலிய கோனார் தலைவர் தொடங்கி நாயக்கர், பீசப்பூரார், முகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர் ஈறாக ஒவ்வொருவரும் வைத்த கல் அங்கிருக்கிறது. அதனைச் சொல்லிக்கொடுக்கும் கடமை விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் உரியது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் வேலைப்பாடமைந்த கற்றூண்களைக் காண்போரில் எத்தனை பேர், அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்றவை என்று அறிவர்? தூண் இருக்கிறது, ஊர்ப்பெயர் உதிர்ந்துவிட்டது.

அன்று வினா எழுப்பிய மாணவர் பின்னர்ச் சுற்றுலாக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். கல்யாண மகால் என்பதன் எதிரே முதலில் ‘திருமண மண்டபம்’ என்றெழுதி, அடித்துவிட்டு, ‘மங்கல மனை’ என்றெழுதி, அருகே ஒரு வினாக்குறியும் இட்டிருந்தார். மதிப்பெண் இட்டபோது அவ்வினாக்குறியை நாம் நீக்கவில்லை.